இன்னும் ரெண்டு வரி இருக்கு

எங்கள் ஊர்ப் பத்திர ஆபீஸுக்கு எதிரே வரிசையாக ஏழு கடைகள். ஆறு கடைகளில் பிரிண்டர் சத்தம் கேட்கும். ஏழாவது கடையில் அக்காவின் குரல் கேட்கும்.

அக்கா பத்திரம் எழுதுகிறவர். லேப்டாப்பில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துக்கு நீட்டும் முன்னால் முழுப் பத்திரத்தையும் வாய்விட்டு வாசிப்பார். ஒரு வரி விடமாட்டார். "படிக்கச் சொல்லிக் கேட்டு, சம்மதித்துச் செய்த கையொப்பம்" என்று எல்லாப் பத்திரத்தின் அடியிலும் ஒரு வரி உண்டு. மற்ற ஆறு கடைகளில் அதை அச்சடித்துக் கொடுத்தார்கள். அக்கா அதை நம்பினார்.

வாசிக்க உட்காரும் முன் செருப்பைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளுவார். அரை பாட்டில் பன்னீர் சோடா குடிப்பார். பிறகு தொடங்குவார். மேடைக் குரல் கிடையாது, பள்ளிக்கூடக் குரலும் கிடையாது. நிறுத்தம் சொல்லுகிற கண்டக்டர் குரல். இறங்க வேண்டியவன் காதில் விழுந்தே தீரவேண்டும் என்கிற குரல். எதிரே டீக்கடையில் நிற்பவனுக்கும் அன்றைக்கு யார் காடு யாருக்குப் போகிறது, அதற்கு வடக்கே யார், தெற்கே யார் என்று தெரிந்துவிடும். மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம்.

"காது கேட்டதுக்குத்தான் கை போடணும்" என்பார். டோக்கன் நேரம் போகிறது என்று யாராவது அவசரப்பட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். டோக்கன் நாளைக்கும் கொடுப்பார்கள், காடு நாளைக்கு இருக்காது.

நான் அந்தக் கடையில் சேர்ந்தபோது பி.ஏ. ஆங்கிலம் முடித்திருந்தேன். வீட்டில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் தட்டச்சு வேலைக்கு வந்தவள். எங்கள் ஊர் எழுமலையை விட்டு எந்தப் பக்கம் பஸ் கிளம்பினாலும் அதில் நான் இருக்கவேண்டும் என்று தோன்றுகிற வயது. என் விரல்கள் மூளையைவிட வேகம். அதுவே பின்னால் வினையாயிற்று.

எனக்கு அவருடைய வாசிப்பு தாங்கவில்லை. பக்கத்துக் கடையில் மூன்று பத்திரம் முடிகிற நேரத்தில் எங்கள் கடையில் ஒன்று நடந்துகொண்டிருக்கும். ஒரு நாள் யோசனை சொன்னேன். நீங்கள் வாசித்ததைப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்பிவிடுவோம், அவரவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். அக்கா எந்த யோசனையையும் சிரித்து ஒதுக்குகிறவர் இல்லை. கன்னத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"கேட்டாகளா இல்லையான்னு எனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?"

"நீலக் கோடு விழும்க்கா."

"நீலக் கோடு தலையாட்டுமா?"

அப்போதுதான் கவனிக்க ஆரம்பித்தேன். வாசிக்கும்போது அக்கா தாளை அதிகம் பார்ப்பதே இல்லை. பத்திரத்தின் வாசகம் பாதி அவருக்கு மனப்பாடம். கண்ணெல்லாம் எதிரே இருக்கிற முகங்களில் இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள், எழுத்துத் தெரிந்தும் படிக்காதவர்கள், இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்து வாசித்தார். ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு தலையாட்டல் வாங்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

ஒரு தடவை அண்ணன் தம்பி இரண்டு பேர் பாகம் பிரிக்க வந்தார்கள். தென்பாகம் தம்பிக்கு என்ற இடத்தில் தம்பியின் கண் லேசாகச் சுருங்கியது. அக்கா நிறுத்தினார். என்னப்பா என்றார். ஒன்றுமில்லை என்றான். அதே வரியை மறுபடி வாசித்தார். மறுபடியும் ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை வாசித்தபோது, "அப்ப புளியமரம் எனக்கு இல்லையாக்கா?" என்றான். இடப்பக்கம் உனக்கு என்று அண்ணன் மலையைப் பார்த்து நின்றுகொண்டு சொல்லியிருக்கிறார், தம்பி ரோட்டைப் பார்த்து நின்று பழகியவன். ஒருத்தருக்கு இடது, இன்னொருத்தருக்கு வலது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அன்றைக்கு வராமல் போயிருந்தால் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வக்கீல் வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள்.

எல்லாரும் சிரிக்கவில்லை. திருநகரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார், ஓய்வு பெற்றவர். அக்கா செருப்பைக் கழற்றியதும், எனக்குப் படிக்கத் தெரியும்மா என்றார். "தெரியும் சார், அதான் நீங்க படிக்கல" என்று அக்கா சொல்லிவிட்டார். மனிதர் தாளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். வாயை அடக்கியிருக்கலாமே என்று நான் முணுமுணுத்தேன். அக்கா மீதிச் சோடாவை என்னிடம் நீட்டினார்.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் அந்த வெள்ளைக்காரர் வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். கதர் ஜிப்பா, வெயிலில் தோல் உரிந்த மூக்கு, எங்கள் மலையைப் பற்றிப் பேசினால் கண் கலங்கிவிடும். ஊருக்கு மேற்கே அடிவாரத்தில் ஒரு நிலத்தின் மேல் மனசு வைத்திருந்தார். அதில் குடில்கள் கட்டி, அவர் நாட்டிலிருந்து ஆட்கள் வந்து பத்து நாள் பேசாமல் உட்கார்ந்திருக்க ஏற்பாடு. இதை நான் மொழிபெயர்த்தபோது அக்கா நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: "சும்மா உக்கார இம்புட்டு தூரமா வருவாக?"

ஊரில் எல்லாரும் அவரைத் துரை என்றார்கள், பாதி கேலி, பாதி பழக்கதோஷம். அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. வெளியூர்க்காரர் என்பார். துரை என்று நான் திருத்தினால், "திண்டுக்கல்லுக்காரரும் வெளியூருதான், இவரும் வெளியூருதான்" என்பார்.

வெளிநாட்டுக்காரர் இங்கே விவசாய நிலம் வாங்கச் சட்டம் இடம் தராது. அவரை அழைத்து வந்த நிலப் புரோக்கர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வெள்ளைக்காரரின் கார் ஓட்டும் பாண்டி அண்ணன் பெயரில் கிரயம் பண்ணுவது. பிறகு பாண்டி அண்ணன் எல்லா உரிமையையும் வேறு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது. ஊர் உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். பாண்டி அண்ணனும் ஒத்துக்கொண்டார். முதலாளியைக் கொண்டுபோய் விடுவது வேலை, கூட்டிக்கொண்டு வருவது வேலை, ஒரு கையெழுத்தும் அதே மாதிரி ஒரு வேலை என்று நினைத்திருப்பார். அந்த நிலத்துக்கு மேற்கே, மலையை ஒட்டி, பாண்டி அண்ணனுடைய அப்பாவின் காடு இருந்தது. மக்காச்சோளமும் நாலு கறவை மாடும்.

"உனக்காடா வாங்குற?" என்று அக்கா கேட்டார்.

"எம்பேருல வாங்குறோம்க்கா."

"பேரக் கேக்கல."

பாண்டி அண்ணன் வெள்ளைக்காரரைப் பார்த்தார். வெள்ளைக்காரர் புன்னகைத்தார். அக்கா புரோக்கரிடம் திரும்பி, அந்த இன்னொரு தாளை நான் எழுதமாட்டேன், கிரயம் மட்டும் எழுதுவேன், யார் பெயரில் வாங்குகிறீர்களோ அவர்தான் எனக்கு ஓனர், அவர் காதுக்குத்தான் வாசிப்பேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த நாட்கள் திருவிழா. புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தை ஓர் உயிருள்ள ஆள் திருப்பிப் பேசுகிறார். உன் ஆங்கிலம் அழகு என்றார். அவர் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்கு நான் விண்ணப்பித்தால் சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்றார். அன்று வீட்டுக்கு நடந்து போனேனா பறந்து போனேனா தெரியாது.

பத்திரத்துக்கான வாசகத்தைப் புரோக்கரே மதுரையில் யாரிடமோ எழுதி வாங்கி என் போனுக்கு அனுப்பினார். இதில் இருக்கிறபடியே அடித்துவிடு பாப்பா, மூலப்பத்திரத்தையெல்லாம் புரட்ட வேண்டாம் என்றார். நிலத்தின் பழைய பத்திரம் மேஜையில் ஸ்டேப்ளருக்கு அடியில் கிடந்தது. நான் புரட்டவில்லை. டீ ஆறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன். முந்தின நாளே அக்கா அந்தப் பழைய பத்திரத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

பதிவு நாளன்று விற்கிறவர் ஒத்தக்கடையில் மகன் வீட்டிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருந்தார். வந்ததும் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். பாண்டி அண்ணன் சலவைச் சட்டையில் எதிரே. புரோக்கர் போனைத் திறந்து வைத்து வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரருக்கு நான் பக்கத்தில் நின்று காதோடு மொழிபெயர்த்தேன். அக்கா செருப்பைத் தள்ளிவிட்டு, சோடாவைக் குடித்துவிட்டு, ஆரம்பித்தார்.

நான்கு எல்லைகளும் வந்தன. கிணறு வந்தது, மோட்டார் வந்தது, வேம்பு இரண்டு, தென்னை ஏழு வந்தது. பிறகு, குரல் ஏறாமல் இறங்காமல், அக்கா வாசித்தார்:

"மேற்படி நிலத்தின் வடபுறம் கிழமேலாகச் செல்லும் பத்தடி அகல மாமூல் வண்டிப்பாதையில், மேல்புறத்து நிலக்காரர்கள் ஆள், மாடு, வண்டியுடன் போகவும் வரவும் உள்ள பாத்தியத்துக்கு உட்பட்டு…"

என் மொழிபெயர்ப்பு பாதியில் நின்றது. அந்த வரி நான் அடித்த தாளில் இல்லை. அடித்தவள் நான், எனக்குத் தெரியாதா?

புரோக்கர் போனிலிருந்து நிமிர்ந்தார். "ஏத்தா, அது இதுல இல்லையே."

"எதுண்ணே?"

"இப்ப வாசிச்சியே, அது."

"இருந்துச்சேண்ணே."

"அது பழசுல இருந்துச்சு."

"அப்ப இருந்தது உங்களுக்கும் தெரியும்" என்றார் அக்கா.

டீக்கடை வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாண்டி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "எந்தப் பாதைக்கா?" என்று கேட்டார்.

"உங்கய்யா மாடு பத்திட்டுப் போற பாதை. வேற எந்தப் பாதை இருக்கு அவருக்கு?"

பாண்டி அண்ணன் பேனாவை மூடியால் மூடி மேஜையில் வைத்தார். சத்தமே வரவில்லை. ஆனால் எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

என்ன நடக்கிறது என்று வெள்ளைக்காரர் என்னைக் கேட்டார். ஏதோ எழுத்துத் தப்பு என்று சொல்லு பாப்பா, என்றார் புரோக்கர். சிபாரிசுக் கடிதம் என் கண் முன்னால் ஒரு தடவை ஆடியது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் திரும்பியிருந்தால் அவருக்காகச் சொன்னேன் என்று பிற்பாடு நானே எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பேன். இந்த நிலத்துக்குள் ஒரு பாதை இருக்கிறது, இவருடைய அப்பாவுக்கு அது ஒன்றுதான் வழி, இந்தத் தாள் அதை மறைக்கிறது, தாளை அடித்தது நான், என்று ஆங்கிலத்தில் நாலே வாக்கியம் சொன்னேன். அழகான ஆங்கிலமெல்லாம் இல்லை.

அவர் முகம் சிவந்தது. நிலத்தில் எந்த வில்லங்கமும் இல்லை என்று தன்னிடம் சொன்னார்களே என்றார். பேசாமல் உட்காருகிற இடத்துக்குள் டிராக்டர் ஓடினால் எப்படி என்று புரோக்கர் அவருக்கு விளக்கினார். வெள்ளைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. யோசிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். பாண்டி அண்ணன் அவரை வீட்டில் கொண்டுபோய் இறக்கி, காரைத் துடைத்து நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஊர் திரும்பினார்.

அந்த மாசமே புரோக்கரின் மச்சான் பெயரில் கிரயம் முடிந்தது, வேறு கடையில், அந்த வரி இல்லாமல். ஏழாவது கடைக்குப் போகாதீர்கள், வாசித்தே யாவாரத்தைக் கெடுத்துவிடும் என்று புரோக்கர் வட்டாரமெல்லாம் சொல்லி வைத்தார். கூட்டம் குறைந்தது. அக்கா குரலைக் குறைக்கவில்லை. முன்பு டீக்கடை வரைக்கும் கேட்டது, இப்போது பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்டது.

கடிதமும் வரவில்லை. அந்தக் கோபத்தை நான் அக்காவிடம்தான் காட்டினேன். ஒரு வரிக்காக இத்தனையா என்று கேட்டேன். வாசித்து என்ன ஆயிற்று, அந்த நிலத்தைச் சுற்றி வேலி வந்துவிட்டதே என்றேன்.

"நீ அடிக்காம விட்டது ஒரு வரி. பாண்டியோட அய்யா சுத்திப் போக மலைதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் போய் மூலப்பத்திரத்தின் நகலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நல்ல கையெழுத்து. அதில் மாடுகூட இருந்தது.

சோளம் முற்றியபோது, பாதை நுழைகிற இடத்தில் வேலிக்குக் கேட் போட்டார்கள். பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கேட், அதற்கு ஒரு பூட்டு. ஒடித்துப் போட்ட கதிர் மேற்கே காட்டுக்குள் குவிந்து கிடந்தது. அதை ஏற்றப் போன டிராக்டர் ரோட்டில் நின்றது. சாயங்காலமானால் மழை இறங்குகிற நாட்கள் வேறு. பாண்டி அண்ணன் கடைக்குப் போன் பண்ணினார். உச்சி வெயில் நேரம். அக்கா ஷட்டரை இழுத்துவிட்டு, நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, "ஏறு புள்ள" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். வேலை நாளில் அவர் கடை அடைத்து அன்றுதான் பார்த்தேன்.

கேட் முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர். புரோக்கர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். வெள்ளைக்காரர் தொப்பியோடு கேட்டுக்கு உள்ளே நின்றார். அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், கொதிக்கிற மண்ணில். அன்றைக்குச் சோடா இல்லை. நகலைப் பிரித்து, எழுதிக் கொடுத்தவர், அவர் தகப்பனார், வாங்கினவர், அவர் தகப்பனார் என்று தலையிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். நான் ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலம் சொன்னேன், கத்தித்தான் சொன்னேன்.

"விசயத்துக்கு வா, தாயீ" என்றார் புரோக்கர்.

"வாரேன். வரிசையாத்தேன் வரணும்."

பாதையின் வரி வந்தது. புரோக்கர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி, புதுப் பத்திரத்தில் அப்படி ஒன்றும் கிடையாது, பழைய தாளை வைத்துப் பூட்டைத் திறக்க முடியாது என்றார்.

அக்கா அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை. "புதுசுல எழுதாம விட்டா பழசு செத்துருமாண்ணே? வித்தவரு தங்கிட்ட இருந்ததத்தான் விக்க முடியும். பாதை அவருகிட்ட இல்ல. அவருக்கு முந்துனவருகிட்டயும் இல்ல. அது நடக்குறவுகளுக்குள்ளது."

அதை நான் சொன்னேன். வெள்ளைக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் இந்த இடத்துக்கு எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறேன், எனக்கு என்ன உரிமை என்று அந்தத் தாளில் இருக்கிறது, கேட்டுச் சொல், என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அக்காவிடம் சொன்னேன்.

அக்கா அவரை நேராகப் பார்த்தார். "பழசுலயும் அவரு இல்ல, புதுசுலயும் அவரு இல்ல. புதுசுல புரோக்கரு அண்ணன் மச்சான் இருக்காரு. பழசுல மாடாவது இருக்கு. சொல்லு."

சொன்னேன். மாட்டைக்கூட விடவில்லை. அவர் புரோக்கரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். புரோக்கர் போனை எடுத்து, வராத அழைப்புக்குப் பதில் பேசிக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்துப் பக்கம் நகர்ந்தார். வெள்ளைக்காரர் உள்ளே நடந்து போய்ச் சாவியைக் கொண்டுவந்தார். வாட்ச்மேன் கை நீட்டியும் கொடுக்காமல் அவரே பூட்டைத் திறந்து, கேட்டைத் தோளால் தள்ளி, ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டிராக்டர் உறுமியது. கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பாண்டி அண்ணன் கையசைத்தார். சக்கரம் ஒரு சுற்று உருண்டிருக்கும். அக்கா நடுப்பாதையில் நின்றபடி வலது கையைத் தூக்கினார்.

"நிறுத்துய்யா. இன்னும் ரெண்டு வரி இருக்கு."

பாண்டி அண்ணன், "அதான் தெறந்தாச்சேக்கா" என்றார்.

"தெறந்தது அவரு மனசு. நாளைக்குப் பூட்டவும் செய்யும். நான் வாசிக்கிறது அதுக்கில்ல."

எஞ்சின் அணைந்தது. விசில் நின்றது. அக்கா சூடு தாங்காமல் ஒரு காலை மாற்றி இன்னொரு காலை ஊன்றி, நிறுத்தம் சொல்லுகிற அதே குரலில் மீதியை வாசித்தார். இந்தப்படிக்கு என் மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம். படிக்கச் சொல்லிக் கேட்டு, சம்மதித்துச் செய்த கையொப்பம்.

கடைசி வரியை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அக்கா தாளை மடிக்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொப்பியைக் கழற்றி, தலையை ஆட்டினார்.

அதன் பிறகுதான் அக்கா செருப்பை மாட்டினார்.